படல் பின்னிய பதினோரு பேர்

சீத்தோடையின் குறுக்கே நொச்சி விளாறால் ஒன்பதாவது படலைப் பின்னி முடித்த மூன்றாம் நாள் காலையில், தவமணி தன் வீட்டு வாசலில் இருந்த குழாயைக் களிமண்ணால் அடைத்து, அதன்மேல் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றி, துணிக்கு மேலே இன்னும் ஓர் உருண்டை களிமண்ணை அப்பிவிட்டு, இனிக் கை கழுவத் தண்ணீர் இல்லையே என்று யோசித்தபடி நின்றிருந்தாள். ஆடுகளைத் திறந்துவிட வெளியே வந்த அவள் புருஷன் வீரணன் குழாயைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"என்ன புள்ள பண்ணி வச்சிருக்க?"

"அது ஓடிக்கிட்டே இருந்துச்சுங்க."

"கொழாய்னா ஓடத்தான செய்யும்?"

"அந்தச் சத்தம் தாங்கல. நெஞ்சுக்குள்ள யாரோ துணியக் கிழிக்கிற மாதிரி இருந்துச்சு. அடைச்ச பிறகுதான் மூச்சே வந்துச்சு."

அதே காலையில் அவளுடைய சித்தப்பா சடையன் தன் மாட்டுக்கொட்டகையின் கூரையைப் பிரித்து, அந்த ஓலையைக் கொண்டு தெருச் சாக்கடையை மூன்று இடங்களில் அடைத்திருந்தார். டீக்கடை உக்கிரபாண்டி பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் அன்றைக்குச் சுட வேண்டிய வடைமாவு மொத்தத்தையும் திணித்துவிட்டு, எதற்காக அப்படிச் செய்தோம் என்று தெரியாமல் கடை வாசலில் அழுதுகொண்டிருந்தான். ஈச்சங்கரட்டில் அன்று அப்படிப் பத்துப் பேர் தண்ணீரை அடைத்தார்கள். பத்துப் பேரும் ஓடையில் படல் பின்னியவர்கள். ஒரே ஒரு நாள் டீ கொண்டுபோன இடத்தில் ஆசைக்கு ஒரே ஒரு விளாறைச் செருகிவிட்டு வந்தவன் உக்கிரபாண்டி. அவனையும் அது விடவில்லை. கரையில் நின்று கல் எடுத்துக் கொடுத்தவர்களுக்கும் சோறாக்கிப் போட்டவர்களுக்கும் ஒன்றும் இல்லை. ஆகவே கை வைத்தவர்களுக்குத்தான் வரும் என்பது அன்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

சீத்தோடை நெடுங்கரட்டில் இருந்து இறங்கி வருவது. ஒரு காலத்தில் அது வளைந்து வளைந்து ஒவ்வொரு வயலையும் விசாரித்துவிட்டு மெதுவாகப் போகும். மணலை அள்ளி, வளைவுகளை மிஷின் வைத்து நேராக்கிய பிறகு அதற்கு அவசரம் பிடித்துக்கொண்டது. மழைக்கு மழை தன் மடியையே தோண்டித் தோண்டி இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே போய்விட்டது. மலையில் எவ்வளவு பெய்தாலும் ஒரு மணி நேரம் அந்தப் பள்ளத்துக்குள் உறுமிக்கொண்டு ஓடி, ஊரை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடும். கிணறுகளில் வாளி இறக்கினால் கல்லில் மோதும் சத்தம்தான் வந்தது.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். நீர்வளப் பொறியியல் படித்த இருபத்தெட்டு வயதுப் பெண். தவமணியின் வயலோரத்தில் உட்கார்ந்து, பெரிய எலி மாதிரி, தட்டையான வாலோடு இருந்த ஒரு பிராணியைச் செல்போனில் காட்டினாள்.

"பீவர்னு பேருக்கா. குளிர் நாட்டுல இருக்கு. பல்லால மரத்த அறுத்து ஓடைக்குக் குறுக்க அணை கட்டும். தண்ணி கசியும், ஆனா வேகம் போயிரும். வண்டல் தங்கும், ஓடைமடி மேல ஏறும். அது இல்லாத ஊர்ல மனுஷங்களே அதே மாதிரி முளை அடிச்சு, விளாறு பின்னி வைக்கிறாங்க. ஓடையே திரும்ப உசுரு பெறுது."

"அது எதுக்கு மெனக்கெட்டு அணை கட்டுது?" என்று தவமணி கேட்டாள்.

"ஓடுற தண்ணிச் சத்தம் கேட்டா அதால சும்மா இருக்க முடியாதாம். சத்தம் அடங்குற வரைக்கும் கட்டிக்கிட்டே இருக்குமாம்."

ஊர் அதற்கு அணைப்பெருச்சாளி என்று பேர் வைத்துச் சிரித்தது. வீரணன் மட்டும் சிரிக்கவில்லை. "இங்க இல்லாத ஒண்ணோட வேலைய நாம எடுத்துச் செய்யுறோம். அது எங்கேயாச்சும் இருந்து பாத்துக்கிட்டு இருக்காதா?" என்று கேட்டுவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். கடைசிவரை ஓடைக்குள் இறங்கவில்லை. தவமணியும் சடையனும் எஸ்தரும் மற்றவர்களும் ஆடி மாதம் முழுக்கச் சீமைக்கருவேல முளைகளை வரிசையாக அடித்து, ஆட்டுக்கிடைக்குப் படல் கட்டுவதைப் போலவே நொச்சி விளாறுகளை முளைகளுக்கு ஊடே முன்னும் பின்னுமாகப் பின்னி, அடியில் கல்லும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து மிதித்து, ஒன்பது படல்களைக் கட்டினார்கள். ஒன்பதாவதும் முடிந்த மறுநாள் எஸ்தர் மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

பத்து நாளில் அவள் திரும்பி வந்தாள். முகம் வெளிறி, நகங்களில் சிமெண்டு காய்ந்து இருந்தது. அவள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் சுவருக்குள் எல்லாம் குழாய் ஓடுகிறது என்றும், ஒவ்வொரு வீட்டுக் கழிவுக்குழாயையும் தான் ஒரே பகலில் அடைத்துவிட்டதாகவும், அங்கே இனி இருக்க முடியாது என்றும் சொல்லி, தவமணியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இதுக்கு என்ன மருந்து மேடம்?" என்று உக்கிரபாண்டி கேட்டான்.

"எனக்குத் தெரியலண்ணே."

"படலப் பிடுங்கிப் போட்டுட்டா?" என்றான் வீரணன்.

"பிடுங்கினா தண்ணி ஓடும். ஓடினா எங்களால சும்மா இருக்க முடியாது. மறுபடி கட்டுவோம்."

அதற்குள் ஆவணி மழை ஒன்று பெய்து, ஒவ்வொரு படலுக்குப் பின்னாலும் தண்ணீர் தேங்கி, வண்டல் இறங்கி, தவமணியின் கிணற்றில் ஆறு வருஷத்துக்குப் பிறகு வானம் தெரிந்தது. அதனால் படலைப் பிடுங்கலாம் என்று வேறு யாரும் சொல்லவில்லை. ஊர் சத்தத்தைப் பிடுங்கியது. தொட்டிக் குழாயில் ரப்பர் டியூபைச் செருகிக் குடத்தின் அடிவரை விட்டு, சத்தமில்லாமல் நிறைக்கப் பெண்கள் பழகினார்கள். கூரைத் தாழ்வாரத்தில் சொட்டும் இடமெல்லாம் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். மணலைப் பார்த்து ஒன்றுக்கிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டீயை உயரத் தூக்கி ஆற்றுவது நின்றுபோய், உக்கிரபாண்டி கரண்டியால் கலக்கிக் கொடுத்தான். ருசியே போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் குடித்தார்கள். கோயிலில் பூசாரி அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றாமல், ஈரத்துணியால் குழந்தைக்குத் துடைத்துவிடுவதுபோலத் துடைத்துவிட்டார். வெளியூர்க் கண்டக்டர்கூட ஈச்சங்கரடு நிறுத்தம் வந்தால், பாட்டிலைத் திறந்து குடிப்பவர்களிடம், "இங்க வேணாம், ஊர் தாண்டட்டும்" என்று சொல்லப் பழகிவிட்டான். புரட்டாசி பிறக்கும்போது ஊர் அந்த விஷயத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, அதைச் சுற்றி நடக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

புரட்டாசி நடுவில் ஒரு காலை, சடையன் தவமணியின் வயலுக்கு வந்து வரப்பில் உட்கார்ந்தார். அறுபது வயது மனிதர். இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கி வைத்திருந்தார்.

"தாயி, ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும். ஆளுகளுக்குள்ள ஓடுறது உனக்குக் கேக்குதா?"

"என்ன ஓடுறது சித்தப்பா?"

"ரத்தம்."

அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்துப் பேத்தியத் தூக்கி வச்சிருந்தேன். கழுத்துல, இந்தா, இந்த எடத்துல சின்ன வாய்க்கா மாதிரி ஓடுது. முதல்ல சந்தோசமாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். பாத்தா என் கை தன்னால மண்ணத் துழாவுது. புள்ளய அவ அம்மாகிட்ட வீசாத குறையாக் குடுத்துட்டு ஓடியாந்துட்டேன். இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்."

அன்று முதல் அவர் துரைப்பாண்டியின் அரிசி மில்லில் போய் உட்கார்ந்தார். மிஷின் ஓடும் வரைக்கும் அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. துரைப்பாண்டி முதலில் முகம் சுளித்தான். சடையனைத் தொடர்ந்து ஒவ்வொருவராக வந்து தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்காரத் தொடங்கியதும் அவனுக்கு விஷயம் புரிந்தது. அரைக்க நெல் இல்லாத நாளிலும் மிஷினை ஓடவிட்டான். அவர்களைப் பார்க்க மட்டும் பயந்துகொண்டு, மில்லின் அந்தக் கடைசியிலேயே நின்றான்.

தவமணி போகவில்லை. தனக்கு வராது என்று அவள் நினைத்திருந்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம், வேப்பமர நிழலில் துண்டை விரித்து வீரணன் அயர்ந்திருந்தான். கழுத்தில் ஏதோ குளிர்ச்சியாக விழுந்ததும் கண்ணைத் திறந்தான். தவமணி அவன் தலைமாட்டில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் களிமண் இருந்தது. அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை; தொண்டைக்குழிக்குப் பக்கத்தில், துடிக்கிற இடத்தில் இருந்தது. அவன் அசையவில்லை. பாம்பு ஏறிய உடம்பைப் போலத் தன் உடம்பை வைத்துக்கொண்டான்.

"தவமணி."

"ம்."

"என்ன செய்யப் போற?"

"தெரியல," என்றாள். குரல் எங்கோ தொலைவில் இருந்து வந்தது. "எந்திரிச்சுப் போயிருங்க. ஓடாதீங்க. ஓடினா இன்னும் சத்தமாக் கேக்கும். மெதுவாப் போங்க."

அவன் மெதுவாக எழுந்து, மெதுவாக நடந்து, ஆட்டுக்கிடைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டு, ஆடுகளுக்கு நடுவில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தான். பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவள். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. அந்தக் கைக்குப் பயந்துதான் இப்போது இப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையும் வந்தது, பயமும் தீரவில்லை. கடைசியில் மூத்த கிடாயின் கழுத்தில் இருந்த மணியைக் கழற்றித் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனான். அவன் அசைந்தால் மணி அடித்தது. மூச்சு விட்டாலும் லேசாக அடித்தது.

"இப்பக் கேக்குதா?"

அவள் கவனித்துப் பார்த்தாள். "மணிதான் கேக்குது."

"அப்பச் சோத்தப் போடு."

ஒரு வாரத்தில் பதினோரு பேரும் இருந்த வீடுகளில் எல்லார் கழுத்திலும் மணி ஏறியது. சடையனின் பேத்திக்குச் சின்னதாக ஒரு சலங்கை. அதைக் கட்டிய பிறகுதான் அவர் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் மணி, ரேஷன் கடை வரிசையில் மணி, கல்யாணப் பந்தியில் மணி. தூரத்தில் இருந்து கேட்டால் ஊரே ஒரு பெரிய மந்தை போல இருந்தது. பயம் போகவில்லை. அதற்கு ஒரு சத்தம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஐப்பசிதான் எல்லாருக்கும் பெரிய பயம். அடைமழைக் காலத்தில் நெடுங்கரட்டுத் தண்ணீர் ஓடையில் இறங்கும்போது ஊருக்குள் பேசுவது கேட்காது. அந்தச் சத்தத்துக்கு இந்தப் பதினோரு பேரும் எங்கே போவார்கள் என்பதைக் கேட்க வேண்டியதே இல்லை. மழை மேகம் கட்டினால் பதினோரு பேரையும் மில்லுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தண்ணீர் வடியும் வரை மிஷினை நிறுத்தாமல் ஓட்டுவது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. பூட்டச் சொன்னது தவமணிதான். "வெளிப்பக்கமாப் பூட்டுங்க. நாங்க என்ன சொன்னாலும் தொறக்காதீங்க," என்றாள்.

ஐப்பசி எட்டாம் தேதி காலையில் மலை கறுத்தது. பத்து மணிக்குப் பதினோரு பேரும் தாங்களாகவே நடந்துபோய் மில்லுக்குள் உட்கார்ந்தார்கள். துரைப்பாண்டி பூட்டினான். மிஷின் ஓடியது. பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. இரண்டு மணிக்கு மலைப்பக்கம் ஓர் இடி இறங்கி, ஊர் முழுக்கக் கரண்டு போனது.

மிஷினின் பட்டை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த அமைதிக்குள் ஓடை வந்தது.

உள்ளேயிருந்து யாரும் கத்தவில்லை. அதுதான் வெளியே நின்றவர்களை நடுங்க வைத்தது. கதவைப் பல்லால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கீலோடு சேர்ந்து கதவு வெளியே சாய்ந்தது. பதினோரு பேரும் வந்தார்கள். எஸ்தர் தோளில் தவிட்டு மூட்டை, உக்கிரபாண்டி கையில் கதவுப் பலகை, சடையன் இடுப்பில் சாக்குக்கட்டு. யார் முகத்தையும் பார்க்காமல், வழியில் நின்ற சொந்தக்காரர்களை மரத்தை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டு, மழைக்குள் ஓடையைப் பார்த்து நடந்தார்கள்.

ஓடைப்பள்ளம் செந்நிறமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் முதல் படலில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் ஒருவரை ஒருவர் உரசி நின்று, பிய்ந்த இடங்களில் கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தார்கள். கயிறு வீசிய ஆட்கள் கரையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கயிறு அவர்கள் மேல் விழுந்தது. அதையும் இழுத்துப் படலுக்குள் பின்னிக்கொண்டார்கள். முதல் படல் பெயர்ந்தபோது சடையன் உருண்டு இரண்டாவது படலில் போய் மோதி, நெற்றியில் ரத்தம் ஒழுக எழுந்து, அங்கேயே குனிந்து வேலையைத் தொடர்ந்தார். ஒன்பதும் பெயர்கிற வரைக்கும் இப்படியே செய்வார்கள், பிறகு அடைக்க ஒன்றும் இல்லாமல் தங்களையே வைத்து அடைப்பார்கள் என்பது கரையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

வீரணன் தவமணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் அவள் தாடையைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. அவள் ஒரு விளாறைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள், எட்டவில்லை, மறுபடி நீட்டினாள். அவளுக்கு வேண்டியது இன்னொரு கை என்பது அவனுக்குத் தெரிந்தது.

அவன் திரும்பி ஓடினான். பயந்து ஓடுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கிடையில் இருந்த ஆட்டுப்படல்களைப் பிடுங்கி, நான்கை ஒன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது, ஆடுகள் மழையில் கத்திக்கொண்டு நாலா பக்கமும் சிதறின.

"வீரணா, கை வைக்காத!" என்று துரைப்பாண்டி கத்தினான். "உனக்கும் வந்துரும்டா!"

"தெரியும்ணே," என்று சொல்லிவிட்டு வீரணன் பள்ளத்துக்குள் இறங்கினான்.

தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. முதல் விளாறை அவன் முளைக்குப் பின்னால் செருகியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குப் பிறகு எதையும் யோசிக்க நேரமில்லை. சடையனின் மருமகள் பிள்ளையைப் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். உக்கிரபாண்டியின் தம்பி இறங்கினான். பூசாரி கோயில் கொட்டகைக் கீற்றைச் சுமந்துகொண்டு வந்தார். துரைப்பாண்டி வெகுநேரம் கரையில் நின்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். பிறகு மில் கதவின் மிச்சப் பாதியை இழுத்துக்கொண்டு, திட்டுவதை நிறுத்தாமலே இறங்கினான். இறங்காதவர்களும் இருந்தார்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைப் பிறகு யாரும் ஒரு சொல் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தப் பயம் என்னவென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஐந்து மணி வாக்கில் தண்ணீர் பள்ளத்தை விட்டு மேலே ஏறியது. கரையைத் தாண்டி, கடலைக்காட்டுக்குள்ளும் சோளக்காட்டுக்குள்ளும் கால் வைத்து, தன் பழைய வளைவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து விரிந்தது. விரிய விரிய அதன் வேகம் போனது, வேகம் போகப் போகச் சத்தம் போனது. பொழுது இறங்கும்போது ஊரின் கிழக்குப் பக்கம் முழுக்கக் கணுக்கால் அளவுத் தண்ணீர், வாயைத் திறக்காமல், வானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடலை போய்விட்டது. சோளம் பாதி போய்விட்டது. ஆள் ஒருவரும் போகவில்லை. மேட்டு வரப்பில், படலில் கை வைத்த அறுபத்து மூன்று பேர் சேற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். மழை நின்றிருந்தது.

வீரணனின் கழுத்து மணியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவன் தவமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரைக்கும் மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தான். மூச்சு அடங்கியது. அதற்குக் கீழே இன்னொன்று அடங்காமல் இருந்தது. முதலில் தன்னுடையது என்று கண்டுகொண்டான், காதோரத்தில் திம் திம்மென்று. பிறகு இடப்பக்கத்தில் இருந்து வேறொன்று, கொஞ்சம் மெதுவாக, விடாமல். அது தவமணி. அவ்வளவு கிட்டத்தில் அவளை அவன் அதுவரை கேட்டதே இல்லை. நெஞ்சுக்குள் ஒரு துணி கிழியத் தொடங்கியது. அது நிற்க வேண்டும்; நின்றால் போதும்; நின்றால் எல்லாம் அமைதியாகிவிடும். குனிந்து பார்த்தபோது தன் வலது கை நிறையக் களிமண் இருந்தது. அதை எப்போது அள்ளினோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தவமணியும் அந்தக் கையைப் பார்த்தாள். நகர்ந்து போகவில்லை.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது," என்றான். பல் கிட்டித்தது. "நீ எந்திரிச்சுப் போயிரு தவமணி. மெதுவாப் போ."

"போனா நாளைக்கும் கேக்கும்." அவன் கையைப் பிடித்து, மண்ணை உதறாமல், அது பிதுங்கி வழியும்படித் தன் விரல்களை அவன் விரல்களுக்குள் கோத்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்க. முதல்ல இப்படித்தான் இருக்கும்."

"எவ்வளவு நேரம் பொறுக்கணும்?"

"தெரியலங்க. நான் மணியக் கேட்டு நிம்மதியா இருக்கேன்னுதான நெனச்சீங்க? மணிக்கு அடியில எப்பவும் கேட்டுச்சு. தெனமும் பொறுத்துக்கிட்டுத்தான் உங்களுக்குச் சோறு போட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். வரப்பு நெடுக, தண்ணீரின் அந்த அமைதிக்குள், ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவரை உற்றுக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். துரைப்பாண்டி தன் கையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்தர் நகர்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பழையவர்கள் எழுந்து புதியவர்களுக்கு நடுவில் ஒவ்வோர் இடமாகப் போய் உட்கார்ந்தார்கள். சடையன் தன் மருமகளின் கையைப் பிடித்தார். அவள் அடுத்தவர் கையைப் பிடித்தாள். யாருடைய கையும் சும்மா இல்லை என்று ஆகும் வரைக்கும் பிடித்துக்கொண்டே போனார்கள்.

இருட்டிக்கொண்டு வந்தது. வீரணன் அவள் கையை இறுக்கிப் பிடித்தபடி, அவளுக்குள் அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு, பொறுத்துக்கொண்டிருந்தான்.